பதக்கப் பெட்டி ஃப்ரேம்: படைவீரருக்கு இடம் இருக்கிறது, அப்பாவுக்கு?

போரில் பணியாற்றிய ஒருவர் மறைந்த பிறகு, அவர் நினைவாகக் குடும்பத்தார் வாங்கும் பொருள்களில் ஒன்று இந்தப் பெட்டி ஃப்ரேம். முன்னால் கண்ணாடிக் கதவு, உள்ளே அடர்நிறத் துணி ஒட்டிய பலகை, அடியில் பெயர் பொறித்த பித்தளைத் தகடு. 30 x 40 செ.மீ. அளவு பல வீடுகளுக்குப் போதும். பெட்டி நல்லதுதான். உள்ளே வரும் துணியையும் பலகையையும் பசையையும்தான் நம்ப முடியாது.

முதலில் ஆழத்தைப் பாருங்கள். விளம்பரத்தில் 5 செ.மீ. என்று போட்டிருப்பது பெரும்பாலும் வெளி அளவு. உள்ளே 2 செ.மீ. மட்டும் மிஞ்சும். பதக்கமும் ரிப்பனும் 1 செ.மீ.க்குள் அடங்கிவிடும் என்பதால் செய்பவர்கள் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் அவருடைய மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம், முகாமிலிருந்து மகளுக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் எங்கே போகும்? படையில் இருந்தது சில வருடங்கள் என்றால், கணவராகவும் தகப்பனாகவும் தாத்தாவாகவும் வாழ்ந்தது அதைவிடப் பல மடங்கு. பதக்கம் மட்டும் தொங்கும் பெட்டி பாதி மனிதரைத்தான் காட்டும். உள் ஆழம் 4 செ.மீ. இல்லாத ஃப்ரேமை வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

அடுத்தது துணி. கம்பளி ஃபெல்ட்டில் கந்தகம் உண்டு. மூடிய பெட்டிக்குள் அது மெல்ல வெளிவந்து வெள்ளிப் பதக்கத்தைக் கறுக்க வைக்கும். பின்பலகை எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) ஆக இருந்தால் அதிலிருந்து ஃபார்மால்டிஹைடும் அமில ஆவியும் வரும். ஓக் மரத்திலிருந்து அசெட்டிக் அமிலம் வரும். ஈயம் கலந்த சின்னங்களில் வெள்ளைப் பொடி பூப்பதற்கு இந்த ஆவிதான் காரணம். பொருள்கள் இப்படி ஆவி விட்டு உலோகத்தைக் கெடுக்குமா என்று பார்க்கவே அருங்காட்சியகங்களில் ‘ஆடி (Oddy) சோதனை’ என்று ஒன்று செய்கிறார்கள். வீட்டில் செய்யக்கூடியது எளிது: ஒட்டியிருக்கும் துணியை உரித்து எடுத்துவிட்டு, அமிலமற்ற மவுண்ட் போர்டை (படம் பொருத்தும் தடித்த அட்டை) வெட்டி வைத்து, சாயமில்லாத பருத்தித் துணியைச் சோப்பில்லாமல் துவைத்து, நன்றாகக் காயவைத்து, அதன்மேல் போர்த்துங்கள்.

பதக்கத்தை மாட்டுவதில்தான் அதிகம் கெடுக்கிறார்கள். கூடவே வரும் இரட்டைப்பக்க டேப்பும் சூடான பசையும் வேண்டவே வேண்டாம். பல நாடுகளில் வீரரின் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பதக்கத்தின் விளிம்பில் பொறிக்கப்பட்டிருக்கும். ஒட்டிவிட்டால் பிறகு அதைப் பார்க்க முடியாது. ஒரு பதக்கம் ஏறக்குறைய 30 கிராம் இருக்கும். எடை முழுவதும் ரிப்பனில் விழுந்தால் பழைய பட்டு கிழியும். எனவே போர்டில் ஊசித்துளை போட்டு, பதக்கத்தின் மேல்வளையத்தைப் பருத்தி நூலால் கட்டி, ரிப்பனுக்குத் தனியாக இரண்டு தையல் போடுங்கள். பெரும்பாலான நாடுகளின் முறைப்படி, உயர்ந்த பதக்கம் பார்ப்பவருக்கு இடப்பக்க ஓரத்தில் வரும். பளபளப்பாக்க பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். ஒவ்வொரு தேய்ப்பிலும் எழுத்து கொஞ்சம் கரைகிறது.

கண்ணாடியைவிட, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் (கண்ணாடி போலத் தெளிவான பிளாஸ்டிக் தகடு) நல்லது. எடையும் ஏறக்குறைய பாதி. ஆனாலும் சாதாரண வெளிச்சமே ரிப்பன் சாயத்தை மங்க வைக்கும். துணிக்கும் சாயத்துக்கும் அருங்காட்சியகங்கள் வைக்கும் அளவு 50 லக்ஸ், அதாவது மங்கலான அறை வெளிச்சம். அக்ரிலிக்கில் ஒரு தொல்லை உண்டு: அதன் நிலைமின்சாரம் பென்சில் தூளை இழுத்துக்கொள்ளும். போர்முனைக் கடிதங்கள் பல பென்சிலில் எழுதப்பட்டவை. ஆகவே கடிதமும் புகைப்படமும் பெட்டிக்குள் நகலாகவே இருக்கட்டும். அசலை அமிலமற்ற உறையில் போட்டு, இருட்டான, உலர்ந்த அலமாரியில் வையுங்கள். நகல்கூட முன்தகட்டைத் தொடக் கூடாது, 3 மி.மீ. இடைவெளி வேண்டும், ஈரக்காற்றில் படம் ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது முகமே உரிந்து வந்துவிடும். படத்தின் பின்னால் யார், எங்கே, எந்த ஆண்டு என்பதை ஓரமாக, மெதுப்பென்சிலில் எழுதுங்கள். பால்பாயிண்ட் முன்பக்கம் அச்சுவிழும்.

இரண்டு எச்சரிக்கைகள். பழைய ராணுவக் கடிகாரம், திசைகாட்டி ஆகியவற்றின் ஒளிரும் எண்களில் ரேடியம் இருக்கலாம். ஒளிர்வது நின்றிருந்தாலும் கதிர்வீச்சு நிற்காது. ரேடியத்தின் அரை ஆயுள் ஏறக்குறைய 1,600 ஆண்டுகள். அப்படிப்பட்ட கடிகாரத்தையும் திசைகாட்டியையும் திறக்கவும் கூடாது, காற்றுப் போகாத பெட்டியில் அடைக்கவும் கூடாது. நினைவுப் பொருளாக வைத்திருந்த தோட்டா கிடைத்தால் கையில் எடுக்காமல் காவல்துறைக்குச் சொல்லுங்கள்.

பெயர்த் தகட்டைக் கடைசியில் செய்யச் சொல்லுங்கள். படை எண்ணையும் பணிக்கால ஆண்டுகளையும் விடுவிப்புச் சான்றோடு ஒப்பிட்ட பிறகே பொறிக்கக் கொடுங்கள். நினைவிலிருந்து சொன்ன ஆண்டுகள் அடிக்கடி தவறிப்போகின்றன. பதவியோடு நிறுத்தாமல் மனைவி, பிள்ளைகள் பெயருக்கும் ஒரு வரி கேளுங்கள்.

மாட்டுவதற்கு நடுவில் ஒரே ஆணி போதாது, பெட்டி சாயும். பின்னால் இரண்டு வளையங்கள், சுவரில் இரண்டு திருகாணிகள், கீழ்மூலைகளில் ரப்பர் திண்டு. வெளிச்சுவரையும் சமையலறையையும் தவிருங்கள். உள்ளே ஒரு சிறு சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, ஈரமேறியதும் மாற்றுங்கள். அதற்காகவே, பின்பக்கம் ஆணியடித்து மூடிய வகையை விட்டு, முன்கதவு கீலில் திறக்கும் வகையை வாங்குங்கள்.