ஏ50-க்கு எந்த டிஸ்ப்ளே போடுவது? டிஎஃப்டி, ஓஎல்இடி, சர்வீஸ் பேக்: ஓர் ஒப்பீட்டு அலசல்

2019-இல் வந்த சாம்சங் கேலக்ஸி ஏ50 இன்னும் எத்தனையோ வீடுகளில் மேசை இழுப்பறைக்குள் கிடக்கிறது. கண்ணாடி சிலந்தி வலையாக விரிந்திருக்கும். ஒரு மூலையில் மை கொட்டினாற்போல் கறுப்பு படர்ந்திருக்கும். பேட்டரி உப்பிப் பின்மூடியை நெம்பியிருக்கும். சார்ஜர் பின்னை ஆட்டி ஆட்டிப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும். இவ்வளவு அடிபட்ட போனையும் போர்டு (சிப்புகள் இருக்கும் மதர்போர்டு) உயிரோடு இருந்தால் வீட்டிலேயே எழுப்பி உட்கார வைக்கலாம். பேட்டரி உப்பாமல் இருந்தால் சார்ஜரில் போட்டுவிட்டு ஒரு மிஸ்டு கால் கொடுத்துப் பாருங்கள். திரை இருட்டாக இருந்தாலும் மணி அடித்தாலோ அதிர்ந்தாலோ போர்டு பிழைத்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் பணத்தை வெளியே எடுக்க வேண்டும்.

செலவில் பெரும்பங்கு டிஸ்ப்ளேவுக்கே போகும். சென்னை ரிச்சி தெருவில் "ஏ50 காம்போ" (கண்ணாடியும் திரையும் ஒன்றாக ஒட்டிய தொகுப்பு) என்று கேட்டால், "டிஎஃப்டியா, ஓஎல்இடியா, ஒரிஜினலா? வித் ஃப்ரேமா, வித்தவுட்டா?" என்று திருப்பிக் கேட்பார்கள். கடைக்குக் கடை விலை மாறும். ஆனாலும் பின்விளக்கால் எரியும் டிஎஃப்டி ஒரு பங்கு என்றால், புள்ளிக்குப் புள்ளி தானே ஒளிரும் ஓஎல்இடி ஏறக்குறைய இரண்டு பங்கு, ஃப்ரேமோடு வரும் ஒரிஜினலான சர்வீஸ் பேக் மூன்று பங்குக்கும் மேல் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். பலரும் இந்த விலையை வைத்தே முடிவெடுக்கிறார்கள். அதற்கு முன்னால் கையில் இருக்கும் போனின் ஃப்ரேமை, அதாவது டிஸ்ப்ளே ஒட்டும் சட்டத்தைப் பார்க்க வேண்டும்.

ஃப்ரேம் நேராக இருக்கிறதா?

கண்ணாடி மேசை மேல் போனைக் குப்புற வைத்து நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக விரலால் அழுத்துங்கள். ஊஞ்சல் போல ஆடினால் ஃப்ரேம் முறுக்கியிருக்கிறது, அல்லது உப்பிய பேட்டரி நடுவில் தள்ளுகிறது. எது என்று தெரிய, பழைய டிஸ்ப்ளேவையும் பேட்டரியையும் கழற்றிய பிறகு வெறும் ஃப்ரேமின் மேல் ஸ்டீல் ஸ்கேலை நீளவாக்கிலும் மூலைவிட்டமாகவும் நிறுத்திப் பார்க்க வேண்டும். சாதாரண எழுதும் தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன். ஸ்கேலுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே ஒரு தாள் நுழைந்தால் பரவாயில்லை. மூன்று தாள் சேர்த்து நுழைந்தால் அந்த ஃப்ரேமில் புது ஓஎல்இடி ஒட்டுவது காசைக் கரியாக்குவது. மெல்லிய பேனல் வளைவோடு சேர்ந்து இழுபட்டே உட்காரும். ஒட்டிய அன்று ஒன்றும் தெரியாது. சில நாளில் பாக்கெட்டில் இருக்கும்போதே ஓரத்திலிருந்து கோடு விழும், "டூப்ளிகேட் மால்" என்று கடைக்காரர் மேல் பழி விழும்.

மூலை மட்டும் நசுங்கி உள்வாங்கியிருந்தால் கவலை இல்லை. ஏ50-இன் வெளிச்சட்டம் பிளாஸ்டிக். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைச் சிறு அரத்தால் தேய்த்துவிட்டால் டிஸ்ப்ளே தடையில்லாமல் உட்காரும்.

டிஎஃப்டி

கடைகளில் இன்செல் என்றும் சொல்வார்கள். ஏ50-க்குக் கம்பெனி போட்டது 6.4 அங்குல சூப்பர் அமோலெட், ஓஎல்இடியில் ஒரு வகை. அந்த இடத்தில் வரும் டிஎஃப்டி ஓர் எல்சிடி. அதற்குத் தனியாக பின்விளக்கு வேண்டும், அந்த விளக்குத் தாள்கள் இடம் கேட்கும். அதனால் ஃப்ரேம் விளிம்பைத் தாண்டிக் கண்ணாடி சற்றே மேலெழுந்து நிற்கும். ஓரத்தில் நகத்தை ஓட்டினால் படி தட்டுவது போல் தெரியும். கீழே விழுந்தால் முதல் அடி அந்த விளிம்பில்தான்.

அதைவிடப் பெரிய இழப்பு கைரேகை. ஏ50-இல் ரேகை சென்சார் திரைக்கு அடியில் இருக்கிறது, ஒளியால் படிக்கும் வகை. விரல் வைத்த இடத்தில் திரை பளிச்சென்று எரிந்து, அந்த வெளிச்சம் விரலில் பட்டுத் திரும்பி, பிக்சல் இடைவெளி வழியே கீழே சென்சாருக்குப் போகிறது. டிஎஃப்டியில் பின்விளக்குத் தாள்கள் அந்த வழியை அடைத்துவிடுகின்றன. செட்டிங் மாற்றியோ அப்டேட் போட்டோ இதைச் சரிசெய்ய முடியாது. "ஃபிங்கர் வேலை செய்யும்" என்று சொல்லி டிஎஃப்டியை யாராவது கொடுத்தால் நம்ப வேண்டாம்.

டார்க் மோடில் பேட்டரி மிச்சமாகும் என்பதும் இங்கே கிடையாது. கறுப்புத் திரைக்குப் பின்னாலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். வெயிலில் மங்கும்.

இத்தனைக்கும் டிஎஃப்டியை முழுக்க ஒதுக்க வேண்டியதில்லை. போனில் இருக்கும் படங்களையும் தொடர்பு எண்களையும் எடுத்தால் போதும் என்றால் இதுவே சிக்கனம்: ஒட்டாமல் கனெக்டரில் மட்டும் மாட்டி, பின் நம்பர் அடித்துத் திறந்து, டேட்டாவை எடுத்துவிடலாம். சமையலறையில் பாட்டு கேட்க, குழந்தையின் பாட வீடியோவுக்கு, வாசல் கேமராவைப் பார்க்க ஒரு போன் வேண்டும் என்றாலும் டிஎஃப்டி தாராளமாகப் போதும்.

ஓஎல்இடி காப்பி

ஃப்ரேம் நேராக இருந்து, போனைத் தினமும் கையில் எடுத்துப் புழங்கப் போகிறீர்கள் என்றால் இதுதான் சரியான தேர்வு. கறுப்பு கறுப்பாகவே இருக்கும், தடிமன் பொருந்தும், ரேகை சென்சாரும் பெரும்பாலும் பிழைக்கும். "பெரும்பாலும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். காப்பி பேனலுக்குப் பேனல் ஒளி ஊடுருவுவது மாறும். மாட்டியதும் பழைய ரேகைகளை அழித்துவிட்டுப் புதிதாகப் பதிய வேண்டும். அப்போதும் பதிய மறுத்தால் பேனலை மாற்றித் தரச் சொல்லுங்கள். ஒட்டிய பிறகு கேட்டால் யாரும் மாற்றித் தரமாட்டார்கள்.

வாங்கும்போது ஏமாறும் இடம் அளவு. ஏ50-க்கு ஓஎல்இடியில் "ஸ்மால் சைஸ்", "ஃபுல் சைஸ்" என்று இரண்டு ரகம் உண்டு. ஸ்மால் சைஸில் வெளிக்கண்ணாடி அதே அளவுதான், உள்ளே எரியும் பரப்பு சிறியது. கீழேயும் பக்கவாட்டிலும் கறுப்புப் பட்டை தடிமனாகத் தெரியும். அணைந்த திரையில் இது தெரியாது. கடையிலேயே டெஸ்டரில் மாட்டி வெள்ளைத் திரையைக் காட்டச் சொல்லுங்கள்.

ஓஎல்இடிக்கு ஓரம்தான் உயிர்நிலை. உள்ளே காற்றும் ஈரமும் புகாதபடி மூடி முத்திரையிட்டிருப்பார்கள். அந்த முத்திரை எங்கேனும் உடைந்தால் கறுப்புப் புள்ளி உண்டாகி நாளுக்கு நாள் படரும். ஆகவே புதுப் பேனலை இரண்டு விளிம்பையும் பிடித்துத் தூக்க வேண்டும், ஒரு மூலையில் பிடித்துத் தொங்கவிடக் கூடாது. ஒட்டும்போது கட்டைவிரலால் ஓரத்தை அமுக்குவதும் ஆகாது.

சர்வீஸ் பேக்

சாம்சங் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பும் அதே பெட்டி. ஸ்டிக்கரில் ஜிஎச்82 என்று தொடங்கும் எண் இருக்கும். ஃப்ரேமில் ஏற்கெனவே ஒட்டப்பட்டே வருவதால் பழைய டிஸ்ப்ளேவைச் சுரண்டும் வேலையும் பசை வேலையும் இல்லை. மாறாக, போர்டு, ஸ்பீக்கர், சார்ஜிங் போர்டு, பேட்டரி என எல்லாவற்றையும் பழைய ஃப்ரேமிலிருந்து இதற்குக் குடிபெயர்க்க வேண்டும். கை பழகாதவர்களுக்கு ஒட்டுவதைவிட இடம் மாற்றுவதே எளிது. பசை தவறினால் பேனல் போகும், இதில் பெரும்பாலான தவறுகளை ஸ்க்ரூவைத் திருப்பிக் கழற்றிச் சரிசெய்துவிடலாம். ரேகை சென்சாரும் பக்கவாட்டு பட்டன் ஸ்ட்ரிப்பும் புது ஃப்ரேமில் இருக்கின்றனவா என்று வாங்கும்போதே பாருங்கள். இல்லையென்றால் பழையதைச் சேதமில்லாமல் பிரித்தெடுக்க வேண்டும்.

ஃப்ரேம் வளைந்திருந்தால் ஃப்ரேமோடு வரும் இதுதான் நல்ல வழி. ஆனால் போனின் வயதையும் பார்க்க வேண்டும். ஏ50 ஆண்ட்ராய்டு 9-உடன் வந்து 11-உடன் நின்றுவிட்டது. சில மாத உபயோகத்துக்காக இவ்வளவு பணத்தைப் போடுவதில் நியாயம் இல்லை. இன்னும் இரண்டு வருடம் ஓட்டுவேன் என்பவர் மட்டும் வாங்கலாம்.

கண்ணாடி மட்டும் மாற்றினால்?

வீடியோக்களில் நூலால் அறுத்துக் கண்ணாடியைப் பிரித்து, யூவி பசை ஊற்றிப் புதுக்கண்ணாடி ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு 80 டிகிரி சூடு காட்டும் பிரிப்பு மேடை, வெற்றிட அழுத்தி, குமிழி நீக்கும் இயந்திரம் எல்லாம் வேண்டும். மேலும் படமும் தொடுதலும் சரியாக இருந்து, வெறும் வெளிக்கண்ணாடி உடைந்திருந்தால்தான் இது பயன்படும். ஏ50-இல் தொடுதல் கண்ணாடியில் இல்லை, பேனலோடு சேர்ந்தே இருக்கிறது. மை படர்ந்த திரைக்கு இது வைத்தியமே அல்ல. வீட்டு வேலைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

பிரிப்பதும் ஒட்டுவதும்

முதலில் சிம் ட்ரேயை எடுத்துவிடுங்கள். பேட்டரியை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்கிவிட்டுத் தொடங்குங்கள். நிறைந்த பேட்டரி குத்துப்பட்டால் தீயும் பெரிதாகப் பிடிக்கும். பின்மூடி ஓரங்களில் ஹேர் டிரையரை இரண்டு மூன்று நிமிடம் ஓட்டி, கை வைத்தால் சுடும் அளவுக்குச் சூடேற்றி, பழைய ஏடிஎம் கார்டை நுழைத்துச் சுற்றி வாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் நடுப்பகுதியில் சூடு காட்டவே கூடாது. ஸ்க்ரூக்களைக் கழற்றும்போது ஒரு தாளில் போனின் படத்தை வரைந்து, எந்த இடத்து ஸ்க்ரூவோ அந்த இடத்திலேயே டேப்பால் ஒட்டி வையுங்கள். குட்டை ஸ்க்ரூ இருந்த ஓட்டையில் நீள ஸ்க்ரூ போனால் போர்டின் உள்ளடுக்கைத் துளைத்துவிடும். நன்றாக இருந்த போன் ரிப்பேருக்குப் பிறகு செத்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நடுமூடி வந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிளாஸ்டிக் நெம்பியால் தூக்குவது. மின்சாரம் ஓடும்போதே டிஸ்ப்ளே கனெக்டரைக் கழற்றி மாட்டினால் திரைக்கு மின்னழுத்தம் தரும் சர்க்யூட் கருகும், பிறகு எந்தக் காம்போ போட்டாலும் இருட்டுதான்.

ஒட்டுவதற்கு முன் புது டிஸ்ப்ளேவை மாட்டி, அதன் பிறகு பேட்டரி கனெக்டரையும் பொருத்திப் போனை எழுப்பி, டயலரில் *#0*# அடியுங்கள். சாம்சங்கின் சோதனைப் பலகை திறக்கும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் முழுத்திரையில் பாருங்கள். பிறகு டச் பகுதியில் விரலை ஓட்டிக் கட்டங்கள் அத்தனையும் நிறம் மாறுகின்றனவா என்று பாருங்கள். மூலைக் கட்டம் ஒன்று நிரம்பாவிட்டாலும் திருப்பிக் கொடுங்கள்.

ஒட்டுவதற்கு பி7000 என்ற குழாய்ப் பசையா, அளவுக்கு வெட்டி வைத்த டேப்பா? டேப் சுத்தமானது, உடனே பிடிக்கும். ஆனால் ஃப்ரேம் அச்சு அசலாக நேராக இருக்க வேண்டும். அடிபட்ட ஃப்ரேமுக்கு பி7000-தான் நல்லது, சின்னச் சின்னப் பள்ளங்களை அது நிரப்பிக்கொள்ளும். பழைய பசையை 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தெடுங்கள். கைகழுவும் சானிடைசரில் தண்ணீரும் வழுவழுப்பும் சேர்ந்திருக்கும், அது வேண்டாம். ஊசிமுனையால் ஒரு மி.மீ. அகலத்துக்கு ஒரே கோடாக இழுத்து, ஓரிரு நிமிடம் காற்றாட விட்டு, டிஸ்ப்ளேவை வையுங்கள். இயர்பீஸ் வலைப்பக்கம் கோட்டை மெலிதாக்குங்கள். பசை அங்கே கசிந்தால் பேசுபவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். அகலமான ரப்பர் பேண்டுகள் நான்கைக் குறுக்கே போட்டு 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் ஓஎல்இடிக்கு ஆகாது.

பேட்டரியும் சார்ஜிங் போர்டும்

ஏ50 பேட்டரி 4000 எம்ஏஎச், 3.85 வோல்ட். பெட்டியில் "5000" என்று போட்டு அதே அளவில் விற்கும் காப்பியைத் தொடாதீர்கள்; அந்த இடத்தில் அவ்வளவு கொள்ளளவு அடங்காது. சமையலறைத் தராசில் பழையதையும் புதியதையும் நிறுத்துப் பாருங்கள். உப்பிய பேட்டரிக்கு எடை குறைவதில்லை, ஆகவே அதுவே நல்ல படிக்கல். புதியது கணிசமாக இலேசாக இருந்தால் உள்ளே சரக்குக் குறைவு. மல்டிமீட்டரில் 3 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் நெடுநாள் கிடந்த மால், வேண்டாம். பழையதை எடுக்கும்போது இரும்பு நெம்பி கூடாது. ஓரத்தில் நான்கைந்து சொட்டு ஆல்கஹால் விட்டு, ஐந்து நிமிடம் கழித்துப் பிளாஸ்டிக் கார்டால் மெல்லத் தள்ளினால் பசை விடும். எடுத்ததை மணல் போட்ட மண்சட்டியில் வைத்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

சார்ஜிங் துளையை முதலில் மரப் பல்குச்சியால் கிண்டிப் பாருங்கள். பாக்கெட் பஞ்சு கெட்டியாகிக் கிடந்தால் அது வெளியே வந்ததும் பாதிக் கோளாறு தீர்ந்துவிடும். அப்படியும் ஆடினால் சிறு போர்டையே மாற்றுங்கள், சி-டைப் சாக்கெட்டை மட்டும் சால்டர் செய்ய ஹாட் ஏர் வேண்டும். மலிவான போர்டுகளில் ஃபாஸ்ட் சார்ஜிங் வராது, மைக்கும் மந்தமாக இருக்கும். கம்பெனியின் 15 வாட் சார்ஜரோடு யூஎஸ்பி மீட்டரை நடுவில் மாட்டி, சார்ஜ் பாதிக்குக் கீழே இருக்கும்போது திரையை அணைத்துவிட்டுப் பாருங்கள்: 9 வோல்ட் காட்டினால் போர்டு நல்லது. 5 வோல்ட்டிலேயே நின்றால் வேறு கேபிளில் ஒரு முறை பார்த்துவிட்டு, அப்போதும் அப்படியே என்றால் பின்மூடியை ஒட்டுவதற்கு முன்பே போர்டைக் கடையில் மாற்றிக்கொள்ளுங்கள்.