லண்டன் மணிக்கு அடிக்கும் அலாரம்: ஐந்தாண்டுக்கு மேல் பயன்படுத்திய பிறகு

2019ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை வந்தது. மறுநாள் மதியம், லேகியத்துக்கும் அடங்காத வயிற்றோடு சற்றுக் கண்ணயர்ந்திருந்த என்னை 1.50 மணி அலாரம் எழுப்பியது. ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்குவது என் தொழில். வேலை தருவது லண்டனில் உள்ள ஓர் அலுவலகம். திங்கட்கிழமைதோறும் அவர்களுடைய காலை 9.30க்கு, அதாவது நம்முடைய மதியம் 2 மணிக்கு, இணையவழிக் கூட்டம். அவசரமாக முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். யாரும் வரவில்லை. இருபது நிமிடம் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பிறகுதான் மூலையில் இருந்த லண்டன் கடிகாரம் கண்ணில் பட்டது. அங்கே மணி 8.50. கோடையில் முன்னால் தள்ளி வைத்திருந்த கடிகாரத்தை, முதல்நாள் அதிகாலை பிரிட்டன் குளிர்காலத்துக்காக ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியிருக்கிறது. இங்கே நாம் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தோம்.

அது சிரித்துவிட்டுப் போகிற தவறு. அடுத்தது அப்படியில்லை. 2020 மார்ச் 29 அன்று அவர்கள் மீண்டும் கடிகாரத்தை முன்னால் தள்ளினார்கள். நான் அலாரத்தைக் குளிர்கால வழக்கப்படி 2.50க்கே விட்டிருந்தேன். மறுநாள் மூன்று மணிக்குச் சாவகாசமாகப் போய்ப் பார்த்தால் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்துவிட்டிருந்தார்கள். ஊரடங்கு தொடங்கி ஆறாவது நாள் அது. இந்தியாவில் இணையம் முடங்கியிருக்கும் என்று அவர்களாகவே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.

இரண்டு முறையும் கடிகாரம் சரியாகத்தான் காட்டியது, தவறியது அலாரம். விண்டோஸில் நம் நேரத்தோடு கூடுதலாக இரண்டு ஊர்க் கடிகாரங்களை வைத்துக்கொள்ளலாம். அந்த ஊர்களின் கோடை நேர மாற்றத்தை அது தானாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளும். என் அலாரமோ கைபேசியில் இந்திய நேரப்படி ஓடியது. லண்டன் நகர்ந்தபோது அது நகரவில்லை. ஆண்டு முழுவதும் கடிகாரத்தைத் தொடாத நாட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று உறைப்பதில்லை.

ஆகவே உலகக் கடிகார மென்பொருள் தேடியபோது என் கேள்வி ஒன்றே ஒன்று: அலாரம் வைக்கும்போது எந்த ஊர் மணிப்படி என்று அது கேட்கிறதா? முகப்புகளின் அழகில் மயங்கி மூன்றை நிறுவினேன். முள் கடிகாரம், எண் கடிகாரம், நிலவின் பிறை வரைக்கும் காட்டின. ஊர் கேட்டது நான்காவதுதான். 2020 ஏப்ரல் முதல் அதுதான் என் மேசைக் கணினியில் ஓடுகிறது. குறைகளையும் சொல்லப்போவதால் பெயரை விட்டுவிடுகிறேன். தேடுகிறவர்கள் இந்த ஒரு வசதியைக் கேட்டுப் பார்த்தால் போதும்.

திரையின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஐந்து கடிகாரங்கள். ஊர்ப் பெயரை நமக்குப் பிடித்தபடி மாற்றிக்கொள்ளலாம் என்பதால் லண்டன் 'அலுவலகம்' ஆகிவிட்டது, டொரன்டோ 'அக்கா', மெல்போர்ன் 'சின்ன அலுவலகம்', அல்மாட்டி 'சித்தப்பா மகள்'. முதலில் இருப்பது 'கும்பகோணம்'. அதைச் சேர்க்கும்போது ஒரு வேடிக்கை. பட்டியலில் சென்னை என்று தட்டினால் ஒன்றும் வராது, கொல்கத்தா என்றுதான் தேட வேண்டும். உலகெங்கும் கணினிகள் நம்பியிருக்கும் நேர மண்டலத் தரவுத்தளத்தில் இந்தியா முழுவதற்கும் அந்த ஓர் ஊர்தான் பிரதிநிதி. விண்டோஸின் பட்டியலில் மட்டும் 'சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடெல்லி' என்று சென்னை முதலில் நிற்கும். அது ஆங்கில அகர வரிசை செய்த உபகாரம். ஒரு காலத்தில் மதராஸுக்கென்று தனி நேரமே இருந்தது, இப்போதைய இந்திய நேரத்துக்குச் சுமார் ஒன்பது நிமிடம் பின்னால். ரயில்கள்கூட அதன்படி ஓடின. 1906இல் இந்திய நேரம் வந்ததும் அந்தப் பெருமை போயிற்று.

அந்தந்த ஊரில் இரவானால் கட்டத்தின் பின்னணி கருநீலமாகும், விடிந்தால் வெளுக்கும். விளையாட்டுச் சமாச்சாரம் என்று முதலில் அலட்சியமாகத்தான் இருந்தேன். இன்று நான் அதிகம் பார்ப்பது எண்களை அல்ல, இந்த நிறத்தைத்தான். அம்மாவும் அப்படியே. கண்ணாடி இல்லாமலே தூரத்தில் இருந்து பார்த்துவிட்டு, "அக்கா கட்டம் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது, அப்புறம் பேசலாம்" என்பார். அதற்கு முன்பு அவருக்கென்று ஒரு கணக்கு இருந்தது: நமக்கு விளக்கு வைக்கும் நேரம், அவர்களுக்குக் காலைக் காப்பி. மாலை ஆறு மணி டொரன்டோவில் கோடையில் காலை 8.30, குளிர்காலத்தில் 7.30. இரண்டுமே காப்பி நேரம்தான் என்பதால் அம்மாவின் கணக்கு ஒருநாளும் பொய்த்ததில்லை.

மாமாவிடம் இன்னொரு வித்தை உண்டு. கைக்கடிகாரத்தைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தால் லண்டன் நேரம் என்பார். நம் மூன்று மணியைத் தலைகீழாக்கினால் சின்ன முள் ஒன்பது பக்கமும் பெரிய முள் ஆறு பக்கமும் போய் ஒன்பதரை ஆகிவிடும். ஐந்தரை மணி நேர வித்தியாசம் செய்கிற ஜாலம் இது. ஆனால் பிரிட்டனில் குளிர்கால நேரம் நடக்கும் மாதங்களில் மட்டுமே பலிக்கும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை வித்தியாசம் நாலரை மணி நேரம், மாமாவின் கடிகாரம் பொய் சொல்லும்.

இந்த மென்பொருளுக்குச் சோதனைக் காலம் மார்ச்சும் அக்டோபரும். அமெரிக்காவும் கனடாவின் பெரும்பகுதியும் மார்ச் இரண்டாம் ஞாயிறு மாறுகின்றன. பிரிட்டன் அதே மாதம் கடைசி ஞாயிறுவரை காத்திருக்கிறது. மெல்போர்ன் எதிர்த்திசை: ஏப்ரல் முதல் ஞாயிறு பின்னால் போய், அக்டோபர் முதல் ஞாயிறு முன்னால் வரும். ஏறக்குறைய நான்கு வாரத்துக்குள் என் மூன்று ஊர்களும் ஒவ்வொன்றாக இடம்பெயர்ந்துவிடும். நாம் மட்டும் இருந்த இடத்திலேயே இருப்போம். முன்பெல்லாம் நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைப்பேன். இப்போது திங்கட்கிழமை அலாரத்தில் '9.20, அலுவலகம்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. அது நம் ஊரில் 1.50க்கு அடிக்கிறதா 2.50க்கு அடிக்கிறதா என்பது அதன் கவலை. இத்தனை ஆண்டுகளில் இந்த ஓர் அலாரம் ஊர்க் கணக்கில் ஒருமுறைகூடத் தவறவில்லை. வேறு காரணங்களுக்காகத் தவறியிருக்கிறது.

அதில் முதலாவது, உறக்கம். கணினி உறங்கப் போய்விட்டால் அலாரமும் கூடவே உறங்கிவிடும். அலாரத்துக்காகக் கணினியை எழுப்ப விண்டோஸின் மின்சேமிப்பு அமைப்புகளில் வழி இருக்கிறது. மென்பொருளிலும் அதற்கு ஒரு குறியிட வேண்டும். இரண்டையும் செய்தால்தான் எழும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. அணைத்தே வைத்துவிட்டால் எதுவும் எழுப்பாது. விடியற்காலை எழ வேண்டியவர்கள் மேசைக் கணினியை நம்பவே வேண்டாம், கைபேசிதான் அதற்கு.

இரண்டாவது, ஹெட்போன். என் தொழிலில் அது எப்போதும் செருகியே இருக்கும். மேசைமேல் கழற்றி வைத்துவிட்டு அடுக்களையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். அலாரம் அந்தக் கருவிக்குள்ளேயே கொசு ரீங்காரம்போல் அடித்து ஓய்ந்திருக்கிறது. அலாரத்தை எந்த ஒலிபெருக்கி வழியாக ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதி பிந்தைய பதிப்பில்தான் வந்தது. வந்ததும் ஒரு சின்ன ஸ்பீக்கரை இதற்கென்றே வாங்கி மாட்டினேன்.

ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடன் வரும் ஒலிகளில் காதைக் கிழிக்காதது குயில் ஒன்றுதான். ஆவலாக அதை வைத்தேன். பங்குனியில் கொல்லைப்புற வேப்பமரத்துக்கு நிஜக் குயில் வந்து சேர்ந்தது. ஒரு வாரம் அது கூவும்போதெல்லாம் கூட்டத்துக்கு ஓடினேன். அதற்கடுத்த வாரம், எல்லாம் மரத்துக் குயில்தான் என்று மெத்தனமாக இருந்து அக்காவின் பிறந்தநாள் அழைப்பைத் தவறவிட்டேன். அதன்பிறகு வெண்கல மணி ஓசைதான்.

மூன்றாவது, மின்வெட்டு. மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் மின்சாரம் நிறுத்தும் நாளில் அலாரம் இல்லை என்பது தெரிந்ததுதான். தெரியாத ஒன்று 2023இல் நடந்தது. மின்சாரம் வந்து கணினியைப் போட்டால் ஐந்து கடிகாரமும் பல ஆண்டுகள் பின்னால் கிடந்தன. இணையதளங்கள் ஒன்றுகூடத் திறக்கவில்லை, பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று மறுத்தன. மென்பொருளைத் திட்டிக்கொண்டே கடைக்குத் தூக்கிப் போனேன். கடைக்காரர் பெட்டியைத் திறந்து, தாய்ப்பலகையில் இருந்து நாணயம் அளவுள்ள ஒரு பேட்டரியை நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கணினிக்கு மின்சாரம் இல்லாதபோது நேரத்தைக் காப்பது அதுதான். வாங்கிய நாள் முதல் மாற்றியதே இல்லை. அது செத்துவிட்டது. உலகின் அத்தனை ஊர் நேரமும் அந்த வட்டவில்லையின்மேல்தான் நின்றுகொண்டிருந்திருக்கிறது.

நான்காவதுதான் மென்பொருளின் உண்மையான குறை. இது ஊர்களின் நேர விதிகளை விண்டோஸிடம் இருந்து வாங்குவதில்லை, தனக்கென ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 2024 மார்ச் 1 அன்று கஜகஸ்தான் நாடு முழுவதையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவந்தது. அதுவரை நம்மைவிட அரை மணி முன்னால் இருந்த அல்மாட்டி, அரை மணி பின்னால் போயிற்று. அங்கே மருத்துவம் படிக்கும் சித்தப்பா மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் திரையில் அவளுடைய கட்டம் இரண்டு மாதம் ஒரு மணி நேரம் பிசகியே ஓடியது, புதிய பதிப்பு வந்த பிறகுதான் திருந்தியது. வாங்கும் முன் இதையும் விசாரித்துக்கொள்வது நல்லது.

இந்தக் குழப்பத்தை யாழ்ப்பாணத்து நண்பரிடம் சொன்னபோது, "நாங்கள் பத்து வருடம் இப்படி இருந்தோம்" என்றார். 1996இல் இலங்கை கடிகாரத்தை முன்னால் தள்ளியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்திலேயே இருந்தன. 2006 ஏப்ரலில்தான் நாடு பழைய நேரத்துக்கே திரும்பியது. எந்தக் காரியத்துக்கும் நேரம் சொன்னால் பழைய நேரமா, புதிய நேரமா என்று கேட்காமல் யாரும் கிளம்புவதில்லையாம்.

மற்ற வசதிகளில் நேர ஒப்பீட்டுப் பட்டை அருமை. அடியில் உள்ள பட்டையை இழுத்தால் ஐந்து ஊரும் சேர்ந்து நகரும், யாருக்கும் நள்ளிரவு ஆகாத ஒரு மணியைக் கண்டுபிடிக்கலாம். நிறுத்து கடிகாரம், சமையலுக்காக நேரத்தைக் குறைத்துக்கொண்டே வரும் கீழெண்ணி எல்லாம் இருக்கின்றன. நான் தொட்டதில்லை.

போன ஆண்டு கணினி மாற்றியபோது இன்னொன்று தெரிந்தது: அலாரங்களை ஒரு கோப்பாக எடுத்துப் புதிய கணினிக்குக் கொண்டுபோக வழியில்லை. பதினான்கு அலாரங்களையும் பழைய டைரி ஒன்றில் பேனாவால் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் திரும்பத் தட்டினேன். இப்போது புதிதாக ஏதாவது சேர்த்தால் அலாரப் பட்டியலைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்கிறேன்.