அலுமினிய வள்ளத்துக்குத் தளம் மாற்றக் கொடுக்கிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

வாடை தொடங்கிவிட்டது. திருகோணமலையில் வள்ளங்களைக் கரையேற்றித் திருத்த வேலை பார்க்கிற காலம் இதுதான். போன வாடைக்கு நானும் என் அலுமினிய வள்ளத்தை ஒரு வேலைத்தலத்தில் தளம் மாற்றக் கொடுத்தேன். இங்கே ஓடுபவை பெரும்பாலும் ஃபைபர் வள்ளங்கள். அலுமினியத்தில் கைபட்டவர்கள் குறைவு. அந்த இடத்தில் 'எல்லாம் செய்வோம்' என்றார்கள்.

மரைன் பிளைவுட், துருப்பிடிக்காத ஸ்குரு, அடியில் புது ஃபோம் என்பது பேச்சு. பில்லிலும் அப்படியே எழுதித் தந்தார்கள். மரைன் பிளைவுட்டுக்கான பிரிட்டிஷ் தரமான பிஎஸ் 1088 முத்திரை குத்திய ஒரு துண்டைக் காட்டி, "அண்ணே, இது உங்களுக்குப் பத்து வருஷத்துக்குக் காணும்" என்றார் முதலாளி.

ஆடி மாதமே கொட்டியாரக் குடாவில் வள்ளம் பின்பக்கம் தாழ்ந்து ஓடியது. கரையில் ஏற்றி அடைப்பைக் கழற்றினால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. சரி, தளத்தைக் கிளப்பிப் பார்ப்போம் என்று கிளப்பினேன்.

பலகை ஏடு ஏடாகக் கையோடு வந்தது. கொங்கிறீட் போட அடிக்கிற ஷட்டரிங் பலகைக்கு மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். வெட்டிய ஓரங்களுக்கு ஒரு பூச்சும் இல்லை. ஃபோம் என்று வைத்தது உடைத்த ரெஜிபோம் (தெர்மோகோல்) மீன்பெட்டி. பெற்றோல் டாங்கிக்குக் கீழே அது கரைந்து பிசினாகிக் கிடந்தது. ரெஜிபோம் பெற்றோலில் கரையும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மிச்சத் துண்டுகள் தண்ணீர் வடிகிற வழியை அடைத்திருந்தன.

இதெல்லாம் பணத்தோடு போகிற நட்டம். என்னால் பொறுக்க முடியாதது பலகைக்குக் கீழே கொடுத்திருந்த பச்சை நிறச் சட்டங்கள். கறையான் அரிக்காமல் மருந்தேற்றிய மரம் அது. அந்த மருந்தில் செம்பு இருக்கிறது. உப்புத் தண்ணீரில் செம்பும் அலுமினியமும் சேர்ந்தால் அரிபடுவது அலுமினியம்தான். சட்டம் கிடந்த இடமெல்லாம் வெள்ளைப் பொடி. அதைத் துடைத்தால் நகம் இறங்குகிற குழிகள். ஒரு மூலையில் வெட்டிப் போட்ட செம்பு வயர்த் துண்டு ஒன்று. அதற்குக் கீழேயும் குழி. பலகையை மாற்றலாம், வள்ளத்தின் அடித்தகட்டை என்ன செய்வது?

போய்க் கேட்டதற்கு, "கடல் தண்ணி பட்டா எந்தப் பலகையும் ஊறும்தானே அண்ணே" என்று சிரித்தார். ஸ்குருவைக் கையில் கொடுத்தேன், தலை முழுக்கத் துரு. அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

கொடுக்கத்தான் வேண்டுமென்றால், தளத்தை மூடுவதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள், படம் எடுத்து வையுங்கள். வெட்டி மிஞ்சிய பலகைத் துண்டொன்றைக் கேட்டு வாங்கிச் சில மணி நேரம் தண்ணீரில் அவியவிடுங்கள். பசை மோசமென்றால் ஏடு கழன்றுவிடும். பச்சை மரத்தைக் கண்டால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். பில்லில் பலகையின் தரத்தை எழுதச் சொல்லுங்கள். நுகர்வோர் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்க 3 மாதம்தான் தவணை. தளத்துக்கு அடியில் கிடந்தது எனக்குத் தெரியவந்தபோது அது தாண்டிவிட்டது. அதனால் சட்டத்தரணி மூலம் கடிதம் போட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. இதற்குள் அதே இடத்தில் இன்னொரு அலுமினிய வள்ளத்தை ஏற்றியிருக்கிறார்களாம். அதுதான் கடிதத்துக்குப் பதில் வரும்வரை காத்திராமல் இப்போதே எழுதுகிறேன்.