டாக்புக்கிலிருந்து எங்கே போவது: தமிழ்க் கையேட்டுக்கு மூன்று வடிவங்கள்

வாளையாற்றைத் தாண்டிப் பாலக்காட்டுப் பக்கம் வரும் சரக்கு லாரிகளுக்கு எடை போடும் மேடைகளில் ஓடுகிற மென்பொருள் ஒன்றின் கையேட்டைச் சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் வட்டாரத்தில் எடைமேடைக் கணினி முன் உட்காருபவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசுபவர்கள் என்பதால் மூலம் தமிழில் எழுதப்படுகிறது; அதிலிருந்தே மலையாளப் பதிப்பு தயாராகிறது. முந்நூறு பக்கத்துக்கு மேல் வளர்ந்துவிட்ட அந்தக் கையேடு, உரையைக் குறிச்சொற்களுக்குள் எழுதும் டாக்புக் என்ற ஆவண வடிவத்தில் இருந்தது. அதை எந்த வடிவத்துக்கு மாற்றுவது என்று பார்த்தபோது, இணையத்தில் கிடைக்கும் ஒப்பீடுகள் அனைத்தும் ஆங்கிலக் கையேட்டை மனத்தில் வைத்தே செய்யப்பட்டவை என்பதும், தமிழுக்கு வந்தால் தராசின் தட்டு வேறு பக்கம் சாய்கிறது என்பதும் புரிந்தது.

டாக்புக்கைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. 1991-இல் பிறந்து இன்றும் உயிரோடு இருக்கிற வடிவம் அது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தின் கையேடு இப்போதும் அதில்தான் எழுதப்படுகிறது. அதன் சிக்கல் எழுதுபவரிடம் இருக்கிறது. ஒரு வரியைத் திருத்த நான்கு குறிச்சொற்களைக் கடக்க வேண்டும், ஒன்றை மூட மறந்தால் மொத்தமும் நின்றுவிடும், எடைமேடையில் வேலை செய்து பழகிய ஒருவரைத் திருத்தச் சொன்னால் அவர் அதை அச்செடுத்துப் பேனாவால் குறித்துக் கொடுப்பார். எங்களிடம் நடந்தது அதுதான்.

டாக்புக்கை விட்டு வெளியேறிய இரண்டு பெரிய திட்டங்கள் வெவ்வேறு இடங்களில் போய்ச் சேர்ந்தன. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னல் 2016-இல் ஸ்பிங்க்ஸ் என்ற ஆவணத் தயாரிப்புக் கருவியோடு ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாறியது. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் 2021 ஜனவரியில் ஆஸ்கிடாக்குக்கு மாறியது. மூன்றாவதாக எல்லோர் வாயிலும் இருக்கும் மார்க்டவுன் 2004-இல் ஜான் க்ரூபர் வெளியிட்டது. மூன்றுமே குறிச்சொற்களுக்குப் பதில் நட்சத்திரம் போன்ற எளிய குறிகளால் எழுதும் வடிவங்கள்.

மார்க்டவுனைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். எச்சரிக்கைப் பெட்டி, ஒரு கோப்புக்குள் இன்னொன்றைச் சேர்ப்பது, கட்டங்கள் இணைந்த அட்டவணை ஆகிய எதுவும் காமன்மார்க் என்ற அதன் பொது வரையறையில் கிடையாது. ஒவ்வொரு கருவியும் தன் கைச்சரக்கைச் சேர்த்துக்கொள்கிறது. டாக்புக்கில் கோப்புப் பெயர், கட்டளை, விருப்பக்குறி ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறிச்சொற்கள் உண்டு. கிட்ஹப் பாணி மார்க்டவுனுக்கு மாற்றியதும் மூன்றும் ஒரே மாதிரியான சாய்மேற்கோள் குறிக்குள் அடங்கிவிடுகின்றன. பின்னால் பிரிக்க வழியில்லை. மிஸ்ட் என்ற விரிவாக்கம் இந்தக் குறைகளில் பலவற்றைத் தீர்க்கிறது, ஆனால் ஸ்பிங்க்ஸின் மேல் நிற்கும் அதன் மிஸ்ட்-பார்சர் கருவியைத் தேர்ந்தெடுப்பவர் உண்மையில் ஸ்பிங்க்ஸைத்தான் தேர்ந்தெடுக்கிறார். ஆகவே போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான்.

முதல் வேறுபாடு வேற்றுமை உருபில் தொடங்குகிறது. எங்கள் கையேட்டில் பொத்தானின் பெயர் தடித்த எழுத்தில் வரும்; அதன் பின்னால் ‘ஐ’ உருபோ ‘இல்’ உருபோ ஒட்டிக்கொண்டு வரும். ஆங்கிலத்தில் பொத்தான் பெயருக்குப் பின் பெரும்பாலும் இடைவெளி இருப்பதால் இந்தச் சிக்கல் அரிதாகவே எழுகிறது. ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்டின் விதிப்படி, தடித்த எழுத்தை முடிக்கும் குறிக்குப் பின் இடைவெளியோ நிறுத்தற்குறியோ வந்தாக வேண்டும். எனவே ‘**சேமி**யை அழுத்தவும்’ என்று எழுதினால் எச்சரிக்கை வரும்; ‘**சேமி**\ யை அழுத்தவும்’ என்று சாய்கோடும் இடைவெளியும் போட்டால்தான் ஏற்கும். பாண்டாக் கருவி மாற்றித் தரும்போது இந்தச் சாய்கோடுகளைத் தானே போட்டுவிடும் என்பது உண்மைதான். ஆனால் அப்படி வந்த பக்கத்தைத் திறந்து பார்த்தால், அரிசியில் கல் கிடப்பதுபோல் வரிக்கு வரி சாய்கோடு கிடக்கிறது. அதைத் திருத்த வேண்டியவர் பேனாவால் குறித்துக் கொடுத்த அதே மனிதர் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆஸ்கிடாக்கில் ஒற்றை நட்சத்திரம், இரட்டை நட்சத்திரம் என்று இரண்டு முறைகள் உண்டு; இரட்டை போட்டால் சொல்லின் நடுவில்கூடத் தடித்த எழுத்தை முடிக்கலாம். ‘**சேமி**யை’ என்பது அப்படியே செல்லும். இதிலும் ஒரு குழி இருக்கிறது: ஒற்றை நட்சத்திரம் போட்டு உருபை ஒட்டினால் எந்த எச்சரிக்கையும் வராமல் நட்சத்திரங்கள் அப்படியே திரையில் நிற்கும். எப்போதும் இரட்டைதான் என்று ஒரு விதியைச் சுவரில் எழுதி வைத்தோம். மார்க்டவுனும் ஒட்டிய உருபை ஏற்கும். ஆனால் பொத்தான் பெயர் மேற்கோளுக்குள் இருந்து, மேற்கோளையும் சேர்த்துத் தடிப்பாக்கி, அதன் பின் உருபு வந்தால் காமன்மார்க் விதி அதை மூடும் குறியாகக் கொள்ளாது.

இரண்டாவது, எழுத்தை எண்ணுவது. ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்டில் தலைப்புக்கு அடியில், தலைப்பின் நீளத்துக்குக் குறையாமல் கோடு போட வேண்டும். ‘கொள்முதல்’ என்ற சொல்லில் நம் கண்ணுக்குத் தெரிவது 5 எழுத்துகள். புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியாக இருப்பதால் யுனிகோடில் அது 9 குறியெண்கள். அந்த வடிவத்தைப் படிக்கும் டாக்யூட்டில்ஸ் நிரல் புள்ளிகளை மட்டும் கழித்து 7 என்று எண்ணுகிறது. கண்ணளவில் கோடு போட்டவருக்கு ‘கோடு போதவில்லை’ என்ற எச்சரிக்கை வரும்போது அவர் என்ன தவறு செய்தார் என்று அவருக்கே தெரியாது. தலைப்பில் நீளமாக நாற்பது கோடு இழுத்துவிட்டுத் தப்பிக்கலாம். அட்டவணையில் தப்பிக்க முடியாது. எடைச்சீட்டு அட்டவணையில் லோடு எடை, காலி வண்டி எடை, நிகர எடை என்று மூன்று நெடுவரிசைகளும், அவற்றுக்கு மேல் இணைந்த ஒரு தலைப்புக் கட்டமும் உண்டு. கட்டங்களை இணைக்க வேண்டுமானால் கூட்டல் குறியோ சமக்குறியோ கோடோ கொண்டு படம் வரைவதுபோல் அட்டவணை வரைய வேண்டும். தமிழ் எழுத்துகள் புகுந்ததும் கண்ணுக்கு நேராகத் தெரியும் கோடு கணினிக்குக் கோணலாகிவிடுகிறது. இந்தத் தொல்லை ஆங்கிலத்திலேயே பொறுக்க முடியாமல்தான் லினக்ஸ் கெர்னல்காரர்கள் வரைய வேண்டாத அட்டவணை ஒன்றைத் தாங்களே நிரலாக எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள். ஆஸ்கிடாக்கில் தலைப்புக்கு முன்னால் சமக்குறிகள் போட்டால் போதும். அட்டவணையில் நேராக நிறுத்த வேண்டியது எதுவுமில்லை.

தலைப்புக்குத் தானாக உருவாகும் இணைப்பு முகவரியிலும் இதே கதை. டாக்யூட்டில்ஸ் ஆங்கில எழுத்தல்லாத அனைத்தையும் களைந்துவிடுவதால் தமிழ்த் தலைப்புக்குக் கிடைப்பது வெறும் வரிசை எண்; நடுவில் ஒரு பகுதியைச் செருகினால் எண் மாறும், பழைய இணைப்பு வேறு பகுதிக்குப் போகும். ஆஸ்கிடாக்கைப் படிக்கும் ஆஸ்கிடாக்டர் நிரல் தமிழ் எழுத்துகளை அப்படியே வைத்துக்கொள்கிறது.

இவ்வளவும் படித்தவர் ஆஸ்கிடாக் வென்றுவிட்டது என்று நினைத்தால், அச்சுக்கு வரட்டும். ஆஸ்கிடாக்கை நேரடியாகப் பிடிஎஃப் ஆக்கும் கருவி ப்ரான் என்ற நூலகத்தைச் சார்ந்தது. அதற்கு இந்திய எழுத்துகளைக் கோக்கத் தெரியாது. ‘கெ’ என்பதில் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டியதற்குப் பதிலாகப் பின்னால் போய் நிற்கும். முதல் சோதனை அச்சில் ‘மென்பொருள்’ என்ற சொல்லே படிக்கும்படி இல்லை. ஸ்பிங்க்ஸ் ஸீலாடெக் என்ற அச்சுக்கோப்பு நிரல் வழியாகப் போக முடிவதால் தமிழும் மலையாளமும் பிழையின்றி வருகின்றன. நாங்கள் ஆஸ்கிடாக்கை முதலில் எச்டிஎம்எல் ஆக்கி, உலாவியின் அச்சுவழி பிடிஎஃப் எடுக்கிறோம். வேலை நடக்கிறது, ஆனால் பக்க எண்ணோடு கூடிய பொருளடக்கத்துக்குத் தனியாக மெனக்கெட வேண்டியிருக்கிறது. அச்சுப் புத்தகமே முதன்மை என்பவர்களுக்கு இந்த ஒரு காரணமே ஸ்பிங்க்ஸ் பக்கம் போகப் போதுமானது. மொழிபெயர்ப்புக்கும் ஸ்பிங்க்ஸில் பத்தி பத்தியாகப் பிரித்துக் கொடுக்கும் வசதி கூடவே வருகிறது. ஆஸ்கிடாக்குக்கு அதை வெளியிலிருந்து பிஓஃபார்ஏ என்ற கருவியைக் கொண்டு செய்ய வேண்டும். நிரல் குறிப்புகளிலிருந்து ஆவணத்தை இழுப்பதானாலும் ஸ்பிங்க்ஸ்தான். எங்களுக்கு அந்தத் தேவை இல்லை. திருத்துபவரின் கை சலிக்கக் கூடாது என்பதே முதல் தேவை, அதனால் ஆஸ்கிடாக்கை எடுத்தோம்.

எந்த வடிவத்துக்குப் போனாலும் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, மலையாளப் பதிப்பில் வரும் சில்லெழுத்துகளுக்கு (உயிரில்லாமல் நிற்கும் மெய்யெழுத்துகளுக்கு) 2008-இல் யுனிகோடு 5.1 தனிக் குறியெண் கொடுத்தது. அதற்கு முந்தைய பழக்கத்தில் தட்டச்சான பகுதிகளில் அவை இணைப்பான் என்ற கண்ணுக்குத் தெரியாத குறியோடு இருக்கும். இரண்டும் கலந்திருந்தால் தேடல் பாதியைத் தவறவிடும் என்பதால் மாற்றத்துக்கு முன்பே ஒரே முறைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

மற்றது, நிபந்தனைப் பத்திகள். கேரளப் பதிப்புக்கும் தமிழ்நாட்டுப் பதிப்புக்கும் ஒரே மூலம் என்பதால் டாக்புக்கில் பத்திகளுக்கு மாநில அடையாளம் கொடுத்திருந்தோம். பாண்டாக் அந்த அடையாளத்தைக் கண்டுகொள்வதில்லை. இரண்டு மாநிலத்துப் பத்திகளும் அடுத்தடுத்து, ஒன்றையொன்று மறுத்துக்கொண்டு, ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் வந்து நின்றன. அதன் பின் மாற்றத்துக்கு முன்பே ஒவ்வொரு நிபந்தனைப் பத்தியின் தொடக்கத்திலும் முடிவிலும் ‘@@கேரளம்@@’ என்பதுபோல் அடையாள வரி செருகிவிட்டு, மாற்றிய பின் அவற்றை ஆஸ்கிடாக்கின் நிபந்தனைக் கட்டளைகளாக மாற்றினோம். செருகியதையும் திரும்பக் கிடைத்ததையும் எண்ணிப் பார்த்ததில் கணக்குச் சரியாக இருந்தது. ஆனாலும் அட்டவணைக் கட்டத்துக்குள் இருந்த சில அடையாளங்கள் வரியின் நடுவில் மாட்டிக்கொண்டன. நிபந்தனைக் கட்டளை தனி வரியில் தொடங்கினால்தான் வேலை செய்யும் என்பதால் அவற்றை மட்டும் கையால் பிரித்துப் போட்டோம்.