12 எம்எம் மேட் வாங்கி ஏமாந்தவ எழுதுறேன்: வீட்ல யோகா பண்ண எந்த மேட்?

ஒரு பாய் வாங்க இவ்ளோ யோசனையான்னுதான் நானும் மொதல்ல கேட்டேன். மூணு வருஷத்துல மூணு மேட் மாத்தியாச்சு, இப்ப சொல்றேன், யோசிக்கணும். நாங்க இருக்கறது திருச்சி, மாடி வீடு, ஹால் முழுக்க வழவழன்னு விட்ரிஃபைட் டைல்ஸ், ஏப்ரல் மேல எல்லாம் காலைல ஆறு மணிக்கு ஃபேனுக்கு அடியில நின்னாலே உள்ளங்கை நசநசன்னு ஆயிடும். இத முன்னாடியே சொல்லிடறேன், ஏன்னா ஏசி ரூம்ல பண்றவங்களுக்கு என் புலம்பல்ல பாதி பொருந்தாது.

மொத மேட் ஆன்லைன்ல வாங்கினது, 12 எம்எம். தடியா இருந்தா முட்டிக்கு நல்லதுன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன், விலையும் எண்ணூறுக்குள்ள. என்பிஆர்னு சொல்ற ஃபோம், விரிச்சா மெத்தை மாதிரி மெத்துமெத்துன்னு இருக்கும், சம்மணம் போட்டு உக்கார சுகமோ சுகம். விருக்ஷாசனத்துக்கு ஒத்தக் கால்ல நின்னா மட்டும் பரிசல்ல நிக்கற மாதிரி கணுக்கால் ஆடிக்கிட்டே இருக்கும். எனக்கு பேலன்ஸே வராதுன்னு மூணு மாசம் என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன். ஒருநாள் வீடியோ கால்ல பாத்த மாஸ்டர் "மேட்ட விட்டு எறங்கி வெறுந்தரைல நின்னு பாருங்கம்மா"ன்னாரு, நின்னேன், ஆடவே இல்ல!

இன்னொரு கூத்து, அதோமுக ஸ்வானாசனத்துல, அதான் நாய் சோம்பல் முறிக்கற மாதிரி குனிஞ்சு நிக்கறது, கைய ஊனினா உள்ளங்கை ஃபோமுக்குள்ள அமுங்கிடும், மணிக்கட்டு தேவைக்கு மேல மடங்கும், மேட்டும் ரப்பர் பேண்ட் மாதிரி முன்னாடி இழுபடும். மணிக்கட்டு வலி வந்ததுக்கு காரணம் வயசுன்னு வீட்ல சொன்னாங்க. ஆறு மாசத்துல குதிகால் பட்ட எடமெல்லாம் பள்ளம், நகம் பட்ட எடமெல்லாம் பிய்ஞ்சு துணுக்கு துணுக்கா.

ரெண்டாவது, டிபிஇன்னு ரப்பர் மாதிரி வளையற ஒரு பிளாஸ்டிக்ல செஞ்ச மேட், 6 எம்எம். அட்டைல பச்சை இலை படம் போட்டு ஈக்கோ ஃப்ரெண்ட்லின்னு போட்டிருந்துச்சு, ஆனா டிபிஇயும் பெட்ரோலியத்துலேந்து வர்ற செயற்கைப் பொருள்தான், இலைக்கு ஏமாறாதீங்க. மத்தபடி குறை சொல்ல முடியாது, லேசு, நாத்தம் இல்ல, கை காஞ்சிருக்கற வரைக்கும் நல்லா புடிக்கும். சூரிய நமஸ்காரம் ஆறாவது ரவுண்டு தாண்டினதும்தான் வெனை, வேர்வைய அது உறிஞ்சாது, மேலயே நிக்கும், கை வழுக்கிட்டு போகும். அதிகமா வேர்க்காதவங்களுக்கு, மெதுவா ஸ்ட்ரெச் பண்றவங்களுக்கு இது தாராளமா போதும். இப்ப எங்கம்மாதான் அதுல பண்றாங்க.

வேடிக்கை என்னன்னா, ஒட்டுற மேட்டு யோகாவுக்குள்ள வந்ததே வேர்க்காத ஒருத்தராலதான். ஆஞ்சலா ஃபார்மர்னு ஒரு யோகா டீச்சர், ஒரு ஆபரேஷனுக்கு அப்புறம் அவங்களுக்கு உள்ளங்கை உள்ளங்கால் வேர்க்கறதே நின்னு போச்சு, தரைல பிடிமானம் கிடைக்கல, 1980கள்ல ஜெர்மனில கார்பெட்டுக்கு அடியில போடற ஷீட்ட வெட்டி அதுமேல பண்ண ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னாடி? கீதை ஆறாவது அத்தியாயத்துல தர்ப்பை, மான்தோல், துணின்னுதான் சொல்லிருக்கு, அதுவும் உக்காந்து தியானம் பண்ண. அதனால பிராணாயாமம் மட்டும்தான் பண்ணுவேன்னா காசு செலவே வேண்டாம், வீட்ல இருக்கற கோரைப்பாயே போதும், வெயில் காலத்துல உடம்புக்கும் சில்லுன்னு இருக்கும்.

இப்ப நான் வச்சிருக்கறது நேச்சுரல் ரப்பர், 4 எம்எம், 2,700 ரூபா. கை வச்சா வச்ச எடத்துல நிக்குது, வேர்வை ரொம்ப ஊத்தினா கொஞ்சம் வழுக்கும்தான், ஆனா துண்டால ஒருதடவை தொடச்சா சரியாயிடும். பழைய மேட்ட விட மெல்லிசு, ஆனா அடர்த்தி ஜாஸ்தி, அதான் விஷயமே. கஷ்டங்களையும் சொல்லிடறேன். கனம், ரெண்டு கிலோவுக்கு மேல, தினம் கிளாஸுக்கு தூக்கிட்டு போறவங்க யோசிங்க. பிரிச்ச அன்னிக்கு ஹாலே சைக்கிள் கடை மாதிரி நாறுச்சு, பால்கனில நெழல்ல பத்து நாள் போட்டப்புறம்தான் அடங்குச்சு, அவசரப்பட்டு வெயில்ல போட்றாதீங்க, ரப்பர்ல வெடிப்பு விட்டுடும். தூசி, தலைமுடி எல்லாம் ஒட்டும். எண்ணெய்க் குளியல் அன்னிக்கு அதுமேல ஏறவே ஏறாதீங்க, எண்ணெய் பட்டா ரப்பர் கெட்டுப் போயிடும், வழுக்கவும் செய்யும். பலூன், கிளவுஸ் பட்டா அரிக்கற ஆளா இருந்தா இந்த வகையே வேண்டாம்.

முட்டி? உஷ்ட்ராசனம் மாதிரி முட்டி போட்டு பண்றதுக்கு 4 எம்எம் பத்தாது, வலிக்கும். பவானி ஜமக்காளத்த நாலா மடிச்சு முட்டிக்கு மட்டும் வச்சுக்கறேன், வேலை முடிஞ்சுது. அந்த ஒரு வலிக்காக மேட் முழுசையும் தடியா வாங்கினதுதான் நான் மொதல்ல பண்ண தப்பு.

நீளத்தையும் பாத்துக்கோங்க. சாதாரணமா வர்றது 173 செ.மீ., எங்க வீட்டுக்காரர் அஞ்சடி பத்து அங்குலம், சவாசனத்துல படுத்தா குதிகால் டைல்ஸ்ல. அவருக்காகத்தான் 183 எடுத்தோம், அவரு இதுவரைக்கும் ரெண்டு நாள் பண்ணிருக்காரு.

கடைல வாங்கினா கட்டை விரலால அழுத்திப் பாருங்க, அடித் தரை விரலுக்கு தெரியற அளவுக்கு பொசுக்குன்னு அமுங்குச்சுன்னா வச்சிட்டு வந்துருங்க. தரைல விரிக்க சொல்லி கைய ஊனி முன்னாடி தள்ளிப் பாருங்க, கடைக்காரர் ஒரு மாதிரி பாப்பாரு, பரவால்ல.

அந்த 12 எம்எம்ம தூக்கிப் போட மனசு வரல. ரெண்டா வெட்டி ஒரு துண்ட அடுப்படில போட்டுட்டேன், தோசை ஊத்த நிக்கறப்ப குதிகால் வலிக்கலயாம், நீ வாங்கினதுலயே இதுதான் உருப்படின்னு அம்மா சொல்றாங்க.