காட்டில் வழிகாட்ட எதைப் படிப்பது: சுற்றுலாவா, வனவிலங்கு உயிரியலா?

பிளஸ் டூ முடித்த யாராவது ஒருவர் மாதம் தவறாமல் கேட்டுவிடுகிறார்: "அண்ணா, உங்களை மாதிரி காட்டுக்குள்ள ஆள் கூட்டிட்டுப் போகணும்னா என்ன படிக்கணும்?" நான் ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் படித்தவன். பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் கோவையில் சுற்றுலா மேலாண்மை படித்தான். இருவருக்கும் இப்போது ஒரே பிழைப்பு. நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

சுற்றுலாப் படிப்பு பல ஊர்களில் கிடைக்கும். வனவிலங்கு உயிரியலுக்கு ஊட்டி, மயிலாடுதுறை ஏ.வி.சி. என்று விரல்விட்டு எண்ண வேண்டியதுதான். அதில் அலச ஒன்றுமில்லை.

சுற்றுலா படித்தவனுக்கு விலை போடத் தெரியும். இதைச் சின்ன விஷயம் என்று நினைத்துத்தான் நான் சூடுபட்டேன். முதன்முதலாகச் சொந்தமாக எட்டுப் பேரை மசினகுடிக்கு இரண்டு நாள் கூட்டிப்போனபோது ஜீப் வாடகையை ஒரு நாளுக்கு மட்டும் போட்டிருந்தேன். கைக்காசு போயிற்று. நண்பன் என் தாளைப் பார்த்துவிட்டு, "டிரைவருக்கு பேட்டாவும் இல்ல, சாப்பாடும் இல்ல, அவர் காத்தையா குடிப்பார்?" என்றான். டிக்கெட் போடுவது, கோபமாக வரும் விருந்தாளியைச் சமாளிப்பது எல்லாம் அவனுக்குப் பாடமாகவே இருந்தது.

எனக்குப் பாடம் வேறு. காலை ஆறரைக்குத் திசைகாட்டியோடு நேர்கோட்டில் நடக்க வேண்டும். புள்ளிமான் கூட்டம் தெரிந்தால் நின்று எத்தனை, எவ்வளவு தூரம், எந்தக் கோணம் என்று குறிக்க வேண்டும். அட்டை கால்சட்டைக்குள் ஏறுவதும் பாடத்திட்டத்தில் உண்டு என்று சீனியர்கள் சொல்வார்கள். இதெல்லாம் எதற்கு என்று அப்போது அலுத்துக்கொண்டதுண்டு. புலி பார்க்க வருபவர்களில் பெரும்பாலோர் புலியைப் பார்க்காமல்தான் திரும்புகிறார்கள். ஜீப்பில் சுற்றும் அந்த மூன்று மணி நேரத்தை எதை வைத்து நிரப்புவது? அங்கேதான் இந்தப் பாடம் கைகொடுத்தது. ஒருமுறை முகம் வாடிப்போன ஒரு குடும்பத்துக்கு, பாதையோரம் கிடந்த யானை லத்தியைக் குச்சியால் பிரித்துக் காட்டினேன். நார், மரப்பட்டைத் துணுக்கு, நடுவே முழுசாகப் புளியங்கொட்டைகள். அதில் ஒன்று முளைவிட்டிருந்தது. அந்த வீட்டுப் பெண் குழந்தை அங்கிருந்து நகரவே மறுத்துவிட்டாள்.

ஆனாலும் என்னைக் கேட்டால், முடிவு செய்ய வேண்டியது இதை வைத்தல்ல; வேலை இல்லாத மாதங்களை வைத்துத்தான். மத்தியப் பிரதேசத்தில் கன்ஹா, பாந்தவ்கர் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதிகளை ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை மூடிவிடுவார்கள். அங்கே நேச்சுரலிஸ்டாக, அதாவது விடுதி விருந்தாளிகளுக்குக் காட்டை விளக்கும் வழிகாட்டியாகப் போகிறவர்களில் பலருக்கு அந்த மாதங்களில் சம்பளம் பாதிதான், அல்லது இல்லை. நம் பக்கம் கோடைத் தீக் காலத்தில் மலைப்பாதைகள் அடைபடும். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் அத்தனை உயிர் போன பிறகு அதில் யாரும் விளையாடுவதில்லை, விளையாடவும் கூடாது. அந்த மாதங்களில் நண்பன் கோவை அலுவலகத்தில் உட்கார்ந்து சிங்கப்பூர், மலேசியா பேக்கேஜ் விற்கிறான். வருமானத்தில் அவன் கைதான் ஓங்கியிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். நான் கணக்கெடுப்புக்குப் போகிறேன். விலங்கு கடந்தால் தானே படமெடுக்கும் கேமராப் பொறி வைப்பது, விலங்கு எச்சம் பொறுக்குவது, வரையாடு எண்ணுவது. காசு குறைவு, எல்லா வருடமும் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. தேசியப் புலிக் கணக்கெடுப்பு நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான். ஆனால் அடுத்த சீசனில் விருந்தாளிகள் முன் நிற்கும்போது சொல்வதற்குப் புதிதாக ஏதாவது இருக்கும். பேக்கேஜ் விற்றுவிட்டு வருபவனுக்குப் போன வருடக் கதைதான். முட்டி தேய்ந்து நடக்க முடியாமல் போனாலும் இந்தப் பட்டத்துக்கு ஆய்வு, கற்பித்தல் என்று வேறு கதவுகள் உண்டு. அந்த வயதை நான் இன்னும் எட்டவில்லை, ஆகவே இதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கசப்பையும் சொல்லிவிடுகிறேன். 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளோடு தொடங்கிய திட்டத்தில் வழிகாட்டிகள் அந்தந்த மலையடி ஊர், பழங்குடிக் குடியிருப்பு இளைஞர்கள். எங்கள் இருவர் பட்டத்துக்கும் அங்கே வேலை இல்லை. நியாயம்தான், அந்தப் பாதையில் அவர்களுக்குத் தெரிவதில் கால்வாசி எனக்குத் தெரியாது. பட்டம் செல்லுபடியாவது தனியார் விடுதிகளிலும் சொந்தமாகக் குழு நடத்தும்போதும்தான்.

பனிமலையும் கயிறும்தான் கனவென்றால் இரண்டு பட்டமும் உதவாது. உத்தரகாசி, டார்ஜிலிங் மலையேற்ற நிறுவனங்களின் அடிப்படைப் பயிற்சிக்குப் போங்கள்; ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். நான் போனதில்லை, போய்வந்தவர்கள் சொன்னதுதான். அப்புறம், ஆஸ்பத்திரி எட்டாத இடத்துக்கான முதலுதவிப் பயிற்சி. அதை எங்கள் இரண்டு படிப்பிலும் சொல்லித்தரவில்லை. சான்றிதழ் பெரும்பாலும் இரண்டு வருடம்தான் செல்லும், காசு கட்டிப் புதுப்பிக்க வேண்டும். என்னுடையது வரும் ஜூனில் காலாவதி. அந்தச் செலவையும் விலையில் சேர்க்க வேண்டும் என்று நண்பன்தான் சொல்லிக்கொடுத்தான். இப்போதெல்லாம் குழுவுக்கு விலை சொல்வதற்கு முன் கணக்குத் தாளை அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன்.