சுழலும் தட்டும் தெருமுனைக் கடையும்: டோக்கியோவில் மதியச் சுஷி

இந்தியர்கள் நிறையப் பேர் வசிக்கும் நிஷிகசாயில் குடியேறிய முதல் இரண்டு ஆண்டுகளும் சுஷி என்றால் எனக்குச் சுழல் கடைதான், அதாவது தட்டுகள் நகரும் பட்டையில் மேசைகளைச் சுற்றிவரும் கடை. பிறகு, ரயில் நிலையத்தின் பின்தெருவில் ஒரு கணவனும் மனைவியும் நடத்துகிற, கவுன்டரில் எட்டு இருக்கைகளும் ஓரத்தில் இரண்டு மேசைகளும் மட்டுமே உள்ள கடைக்கு மாறினேன். இரண்டையும் பல முறை சாப்பிட்டுப் பார்த்தவன் என்ற முறையில், எது எப்போது நல்லது என்று இங்கே எழுதுகிறேன். நான் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறேன் என்பதை மறைக்கப்போவதில்லை.

சுழல் கடையின் வசதிகளை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. 1958இல் ஒசாகாவில் ஷிராய்ஷி யோஷியாகி, பீர் ஆலையில் பாட்டில்கள் நகர்ந்துபோவதைப் பார்த்துத் தொடங்கிய ஏற்பாடு அது. இன்று திரையைத் தொட்டால் கேட்ட தட்டு நேராக மேசைக்கு வந்துவிடும்; ஜப்பானிய மொழி தெரியாதவருக்கும் சிக்கல் இல்லை. உருளைக்கிழங்கு வறுவலும் உடோன் நூடுல்ஸும் கிடைக்கும். குரா சுஷி என்ற சுழல் கடையில் ஐந்து காலித் தட்டுகளை உள்ளே போட்டால் ஒரு பரிசு விளையாட்டு ஓடும் என்பதால், பிள்ளைகள் தாங்களாகவே இன்னொரு தட்டு கேட்பார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் மேற்கொண்டு படிக்க வேண்டாம், சுழல் கடைக்கே போகலாம்.

விலையில்தான் பலரும் தவறாகக் கணக்கிடுகிறார்கள். சுழல் கடை மிக மலிவு என்ற எண்ணம் நூறு யென் தட்டுக் காலத்தில் உருவானது. 2022 அக்டோபரில் சுஷிரோ என்ற பெரிய சுழல் கடை நிறுவனம் தன் மிகக் குறைந்த விலைத் தட்டையே 120 யென்னாக உயர்த்தியது. நகர மையக் கிளைகளில் அது இன்னும் கூடுதல். சற்று நல்ல சூரை மீனும் கடல் விலாங்கும் எடுத்து, மிசோ சூப்பும் குடித்து எழுந்தால் எனக்கு ஏறக்குறைய 1,500 யென் ஆகிவிடுகிறது. பின்தெருக் கடையிலோ மதிய நேரத்து 'நாமி', அதாவது சாதாரணத் தட்டு, 1,200 யென்: எட்டு நிகிரி (பிடித்த சோற்றின் மேல் மீன் வைத்த துண்டு), கடற்பாசித் தாளில் சுற்றிய ஒரு சுருள், மிசோ சூப், கேட்கக் கேட்கத் தேநீர். இந்த அளவுக்குப் பின்னால் ஒரு கதையும் உண்டு. போருக்குப் பிந்தைய தட்டுப்பாட்டில், 1947இல் உணவகங்கள் கட்டுப்படுத்தப்பட்டபோது, வாடிக்கையாளர் ஒரு 'கோ' அரிசி, ஏறக்குறைய 150 கிராம், கொண்டுவந்தால் கூலி வாங்கிக்கொண்டு பத்துத் துண்டு சுஷி பிடித்துக் கொடுக்க டோக்கியோக் கடைகள் அனுமதி பெற்றன. ஒருவருக்கான தட்டு இன்றும் பத்துத் துண்டை ஒட்டியே இருப்பதற்கு அதுவே காரணம் என்பார்கள்.

ஆக, விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. மீனின் தரத்திலும், நேர்மையாகச் சொன்னால், இந்த விலையில் வானத்துக்கும் பூமிக்குமான வித்தியாசம் கிடையாது. என்னை மாற்றியது சோறு.

நிகிரி என்ற சொல்லுக்கே 'பிடித்தது' என்றுதான் பொருள். நம் பிடிகொழுக்கட்டையில் உள்ள அதே பிடி. வெந்த சோற்றில் வினிகர், உப்பு, சர்க்கரை கலந்து, மரத் தொட்டியில் விசிறி, உடல் சூட்டுக்கு வந்த பிறகே பிடிக்க வேண்டும். அந்தச் சூட்டில் வினிகர் உறுத்தாது, பருக்கைகள் நாக்கில் தானாக உதிரும், மேலே உள்ள மீனின் கொழுப்பும் லேசாக இளகும். ஆறிவிட்டால் கதை வேறு. ஃபிரிட்ஜில் வைத்த சோறு எப்படி விரைத்துப்போகுமோ அதே திசையில் இதுவும் போகிறது, புளிப்பு மட்டும் முன்னே வந்து நிற்கிறது. சுழல் கடையில் சோற்றைப் பிடிப்பது இயந்திரம். இன்றைய இயந்திரங்கள் மோசமாகப் பிடிப்பதில்லை, அதைக் குறையாகச் சொல்லமாட்டேன். ஆனால் கூட்டமான ஞாயிற்றுக்கிழமைகளில், ஒரே நேரத்தில் கேட்ட நான்கு தட்டுகள் சேர்ந்து வந்து, முதலாவதை உண்பதற்குள் நான்காவது ஆறிவிடும். ஒரு முறை பட்டையில் சுற்றிவந்த தட்டை எடுத்தேன்; சோற்றின் ஓரம் காய்ந்து, பருக்கைகள் பல்லில் தட்டுப்பட்டன.

பின்தெருக் கடையில் 'தாய்ஷோ', எல்லோரும் உரிமையாளரை அப்படித்தான் அழைக்கிறார்கள், விரல்களை வினிகர் கலந்த நீரில் நனைத்து, உள்ளங்கையை ஒரு தட்டுத் தட்டி, மூடிய மரப்பாத்திரத்திலிருந்து சோற்றை எடுக்கிறார். நான்கைந்து அசைவில் துண்டு முடிந்துவிடுகிறது. மரப்பலகையில் வைத்ததும் அது தன் எடையிலேயே ஒரு நூல் அளவு கீழே அமர்வதைக் கண்ணால் பார்க்கலாம்; உள்ளே காற்று இருக்கிறது என்று அதற்குப் பொருள். பலகை காலியான பிறகே அடுத்ததைப் பிடிக்கிறார். இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு: மேசையில் உட்கார்ந்தால் எல்லாத் துண்டும் ஒரே தட்டில் வந்துசேரும், நான் சொல்லும் பயன் பாதி போய்விடும். கவுன்டரில் உட்காருங்கள், வைத்தவுடன் சாப்பிடுங்கள், படம் எடுப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சிறிய கடையின் குறைகளும் சிறியவை அல்ல. மதியம் ஒன்றரை மணிக்கு மூடிவிடுகிறார்கள். ரொக்கம் மட்டுமே வாங்குகிறார்கள். தொயோசு மீன் சந்தைக்கு விடுமுறை என்பதால் ஞாயிறும் பல புதன்கிழமைகளும் கடை இல்லை. சைவர்களின் நிலை இன்னும் இக்கட்டானது. வெள்ளரிச் சுருள் கேட்கலாம். 'கான்ப்யோ' என்ற சுருளுக்குள் இருப்பது நம் சுரைக்காயை நீளமாகச் சீவிக் காயவைத்த வற்றல்தான் என்று மகிழ்ந்தால், அதைப் பல இடங்களில் மீன் சேர்ந்த சாற்றில் வேகவைக்கிறார்கள். ஊரிலிருந்து அம்மா வந்திருந்தபோது நான் சுழல் கடைக்கே அழைத்துப்போனேன்.

இரவுச் சாப்பாட்டைப் பற்றி உறுதியாகச் சொல்ல என்னிடம் போதிய அனுபவம் இல்லை. இரண்டே முறை போயிருக்கிறேன். சுவரில் தொங்கும் பலகையில் சில மீன்களுக்கு எதிரே விலைக்குப் பதில் 'ஜிக்கா', அதாவது அன்றைய சந்தை விலை, என்று எழுதியிருந்தது; கேட்கக் கூச்சப்பட்டு உண்டேன், இரண்டு முறையும் மது இல்லாமலே 7,000 யென்னைத் தாண்டியது. நான் இங்கே சொன்ன கணக்கு வார நாள் மதியத்துக்கு மட்டும்தான் செல்லும்.